முதல் பிறந்தநாளுக்குள்

மகளின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. என்னுடையதில் என் அப்பா பெயர். வத்திராயிருப்பில் இதில் ஒரு குழப்பமும் கிடையாது, இன்ஷியல் என்றால் அதுதானே. ஆனால் மனைவி இல்லாமல் ஏழு வயதுப் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறப்போகிறவனுக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம் அது. பிறப்புச் சான்றிதழ், மனைவியின் சம்மதக் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு நகல். போதாதென்று மகளுக்கு ஒத்திகை வேறு.

சான்பிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனக் குழந்தைகளிடம் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டார்கள். தகப்பன் சொன்னதோடு பிள்ளை சொன்னது ஒத்துப்போக வேண்டும். கப்பலிலேயே பதில்களை மனப்பாடம் செய்துவிட்டு, எழுதிய தாளைக் கடலில் போட்டுவிடுவார்களாம். நான் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சிரித்தார். "ஒங்கிட்ட பேப்பர்தானடா கேக்கான். எங்க அய்யாவ மண்டபத்துல துணியெல்லாம் வாங்கி அவிச்சுக் குடுத்தானாம்."

தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1914இல் ரயிலோடு இணைந்தது. அதில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை மண்டபம் முகாமில் சில நாள் அடைத்துவைத்தார்கள். காலரா, பிளேக் பயம். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். ஆளை அடையாளம் காண, தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்று கழுத்தில் தொங்கும். நான் விமான நிலையத்தில் சொல்லப்போகும் பதிலுக்கு அன்று அந்தத் தகரமே போதுமானதாக இருந்தது.

காகிதம் பிறகு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949இல் இன்னொரு சட்டம்: 1951 ஆகஸ்டுக்குள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கிறவர் தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபித்தால் மட்டும் போதாது. மனைவி, கல்யாணமாகி ஓராண்டுக்குள் வந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும். மைனர் பிள்ளைகள் முதல் பிறந்தநாளுக்குள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற ஒரு ஜனத்துக்கு இப்படி எழுதியவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆச்சி 1947இல் பிரசவத்துக்கு வத்திராயிருப்புக்கு வந்தாள். பிள்ளைக்கு மாந்தம், அது இது என்று ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அதன்பிறகுதான் கப்பல் ஏறினாள். தாத்தாவின் மனு தள்ளுபடியானது.

"அந்தப் பிள்ள நாந்தான்," என்றார் பெரியப்பா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டதில் ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்களை என்ன செய்வது என்று 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பேசி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்திட்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு பிரித்தார்கள். எங்கள் குடும்பம் 1970இல் வந்தது. இறங்கியதும் பதிவு, மறுபடியும் அதே மண்டபத்தில். இந்தத் தடவை பெரியப்பாவுக்கு இருபத்து மூன்று வயது, அப்பாவுக்குப் பதினைந்து.

கிளம்புகிற அன்று காலை பெரியப்பா மடித்து மடித்துக் கிழிந்த ஒரு குடும்ப அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். தாத்தாவின் பெயருக்குக் கீழே வரிசையாகப் பிள்ளைகள்.

"இதையும் வச்சுக்கோ. யாரு மகன்னு கேட்டா காட்டு."

ஃபைலில் கடைசியாக வைத்தேன். மதுரையிலும் கொழும்பிலும் யாரும் கேட்கவில்லை.