கைமாறும் சந்தேகம்

கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து களனி கங்கையைக் கடந்து, வத்தளையை ஊடறுத்து வடக்கே செல்லும் சாலை நீர்கொழும்பை அடைகிறது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அச்சாலையின் இரு முனைகளிலும் குருதி பெருகியது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் வழிபட வந்தோர் குண்டுகளுக்கு இரையாயினர். மட்டக்களப்பிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் மாண்டோரையும் சேர்த்து 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் கொலைக்கு நியாயம் எதுவும் இல்லை. ஆயினும், அதன் பின்னர் நிகழ்ந்தவற்றையும் நாம் மறத்தல் ஆகாது.

அக்காலத்தில் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் பலர் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் அஹமதிய்யா பிரிவினர். 1974இல் பாகிஸ்தானின் அரசியலமைப்பு அவர்களை முஸ்லிம் அல்லாதோர் என்று விலக்கியது. 1984இல் வந்த கட்டளைச் சட்டமோ, அவர்கள் தம்மை முஸ்லிம் என்று கூறிக்கொள்வதையே குற்றமாக்கியது. அங்கே முஸ்லிம் அல்லர் என்று துரத்தப்பட்டவர்கள், இங்கே முஸ்லிம் என்று துரத்தப்பட்டனர். அவர்களோடு வீடிழந்தோருள் பாகிஸ்தானியக் கிறிஸ்தவரும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலைய வாகனக் கொட்டகையிலும் முடங்கிக் கிடந்தனர். வேறு ஊர்களுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது.

ஊரார் செய்தது இது. சட்டம் செய்தது யாது? சில மாதங்களுக்குள் 2,000க்கு மேற்பட்டோர் கைதாயினர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஹசலக்கவில் ஒரு பெண்ணின் உடையில் இருந்த கப்பற் சுக்கானின் சித்திரம் தர்மச் சக்கரமாகக் கொள்ளப்பட்டது; அவர் சிறையிலிடப்பட்டார். மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூல் தொடர்பாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்நூலில் உண்டு. 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன.

இந்தச் சந்தேகம் முஸ்லிம்களோடு தோன்றியதன்று. 1915இல் கம்பளையிலும் கண்டியிலும் மூண்ட கலவரம் கொழும்புக்கும் பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்கு வந்த கரையோரச் சோனகர் அந்நியர் என்று தாக்கப்பட்டனர். ஆங்கில ஆட்சியோ இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, கலவரத்தில் அரச துரோகச் சதியைத் தேடிச் சிங்கள பௌத்தர்மீது பாய்ந்தது. ஹென்றி பேதிரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார், டி. எஸ். சேனநாயக்கா சிறை சென்றார். அதே சேனநாயக்கா பிரதமரானபோது, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது.

1979இல் மூன்றாண்டுகளுக்கென்று பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. அதன் சுமையைத் தமிழ் இளைஞர் சுமந்தனர். கொழும்பில் தங்கிய தமிழர் ஒவ்வொருவரும் பொலிஸ் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டிய காலம் ஒன்றிருந்தது. 2007 ஜூன் 7ஆம் நாள் விடியலில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2019இல் அதே சட்டம் வேறொரு மக்கள்மீது திரும்பியபோது, அதன் அடியை அறிந்த தமிழருள்ளும் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

நாட்டின் பாதுகாப்புக்காகவே இவையெல்லாம் என்பர். உண்மை வேறு. குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தனர். 2019 ஏப்ரல் 4ஆம் நாளே புலனாய்வுத் துறைக்குத் தாக்குதல் எச்சரிக்கை கிட்டியிருந்தது. கடமை தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் குறித்து வந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்கள், பின்னர் ஒரு சமூகம் முழுவதையும் சோதனையிட்டனர்.

குற்றம் செய்தவனைத் தேடுவது நீதி. அவன் பிறந்த குலத்தைத் தேடுவது நீதியன்று. வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் அதனைக் கற்கும் மாணவர்களும் 1915ஐயும் 2007ஐயும் 2019ஐயும் ஒரே பாடமாகப் படிக்க வேண்டும். தன் இனத்துக்கு நேர்ந்ததை மட்டும் அநீதி என்பவன், அடுத்த அநீதிக்கு வழி திறந்து விடுகிறான்.