சூளை தந்த சான்று

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014-இல் தொடங்கிய அகழாய்வு, கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளை நம் கண்முன் குவித்தது. உள்ளே கருமை, வெளியே செம்மை. ஒரே மண், ஒரே சூளை; நிறமோ இரண்டு! இது எந்தத் தெய்வத்தின் திருவிளையாடல்?

திருவிளையாடல் அன்று, தோழர்களே. தீயை அறிந்தவனின் திறன். கலங்களைக் கவிழ்த்துச் சுட்டனர் என்பர் ஆய்வாளர். காற்றுப்பட்ட புறத்தில், மண்ணிலுள்ள இரும்பு உயிர்வளியுடன் கூடிச் சிவந்தது. காற்றுப் புகாத அகம் கரியேறிக் கறுத்தது.

சூளையில் கலம் வெடிப்பதற்கும் காரணம் உண்டு. ஈரம் உலராத கலத்தைச் சுட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பிளந்துகொண்டு வெளியேறும். களிமண்ணில் கலந்துள்ள குவார்ட்சு மணல் 573 பாகை செல்சியசில் திடுமென விரியும். ஆறும்போது அதே நிலையில் சுருங்கும். ஆகவே மெல்லச் சூடேற்ற வேண்டும். மெல்ல ஆறவிட வேண்டும். தணல் தணியுமுன் சூளையைப் பிரித்தால் கலம் கீறும். இதற்குக் கண்ணேறு என்று பெயரிட்டுப் பூசணிக்காய் உடைத்தால், ஒரு பானையேனும் பிழைக்குமா?

கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயரை நாம் இன்றும் படிக்கிறோம். ஓலை மக்கும், பக்குவமாய்ச் சுட்ட ஓடு ஈராயிரம் ஆண்டு கடந்தும் நிற்கும். தமிழன் எழுத்தறிந்தவன் என்பதற்குச் சான்றைக் காத்துத் தந்தது குயவன் கைவண்ணம்! அவனையோ, மண் பிசைபவன் என்று தாழ்த்தி வைத்தது சாதி. வெப்பமானி இல்லாத நாளில் தழலின் நிறங்கண்டு வெம்மையை அளந்தவன் அறிவிலியா? அவன் அறிவை அறிவென்று ஏற்க மறுத்தவர்களா?