கொழுக்கிப்புழுவும் ஒரு தருமத் தாபனமும்



செல்வர் ஒருவர் தம் பொருளின் ஒரு கூற்றை ஊர்நலத்துக்கென ஒதுக்கிவைத்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. குளம் வெட்டுதலும், மடம் கட்டுதலும், பாடசாலைக்குக் காணி எழுதிவைத்தலும் நம் முன்னோர் போற்றிய அறங்களே. ஆயினும், கடல் கடந்த நாடொன்றில் தோன்றிய தருமத் தாபனம் ஒன்று நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து பணிபுரிந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. அது என்ன தந்தது, அதனுள் எது நிலைத்தது என்பதை இன்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர் ஜோன் டி. றொக்பெல்லர். அவருடைய கம்பனி போட்டியாளரை நசுக்கித் தனியுரிமை செலுத்துகின்றதெனக் கண்டு, 1911ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அதனைப் பல கூறுகளாகப் பிரித்துவிட்டது. எனவே அவரைத் தூற்றியோரும் பலர், போற்றியோரும் பலர். அவர் 1909ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டொலரை அளித்து, அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் கொழுக்கிப்புழு நோயை ஒழிக்கும் முயற்சியைத் தொடக்கினார். 1913ஆம் ஆண்டில் றொக்பெல்லர் தாபனம் நிறுவப்பட்டதும் அம்முயற்சி பிற நாடுகளுக்கும் விரிந்தது.

கொழுக்கிப்புழு மண்ணோடு தொடர்புடைய நோய். நோயுற்றவரின் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியேறும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை பொரிக்கும். வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்துக் குடம்பிகள் உடலுட் புகும். பின்னர் குடலிற் பற்றி நின்று குருதியை உறிஞ்சும். நோயாளி வெளிறிச் சோர்வார். பிள்ளைகளின் வளர்ச்சி குன்றும். மழை ஓயாத மலைச்சரிவுகளில் வெறுங்காலோடு உழைத்து, மலகூட வசதியற்ற லயன்களில் நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் பரவியதில் வியப்பில்லை.

1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தாபனத்தின் பணி தொடங்கியது. கீழைத்தேசப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வைத்தியர் விக்டர் ஹைசர். தொழிலாளரைச் சோதித்து மருந்து கொடுத்தனர். ஒருவகைச் செடியிலிருந்து வடித்த எண்ணெயே அம்மருந்து. அது புழுவைக் கொன்றதெனினும், உண்டவர் உடலையும் வருத்தியது. குணமடைந்தவரோ மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார். நோய் மீண்டும் தொற்றியது. மலகூடம் அமைத்தால் நோயின் வேர் அறும். ஆனால் அதற்குச் செலவிடத் தோட்டத்துரைமார் பலர் முன்வரவில்லை. தொழிலாளி நலமுற்றால் வேலை பெருகும் என்ற கணக்கை விரும்பிய அவர்கள், அந்நலத்துக்குரிய விலையைக் கொடுக்கத் தயங்கினர்.

இந்த அனுபவம் வழியை மாற்றியது. ஒரு நோயை மட்டும் துரத்துவதை விட்டு, ஒரு பிரதேசத்து மக்களின் நலம் முழுவதையும் பேணும் முறையொன்றை அரசினரும் தாபனமும் சேர்ந்து வகுத்தனர். 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்ப் பரிசோதகரும் தாதியரும் மருத்துவிச்சியரும் வீடுவீடாகச் சென்றனர். கருவுற்ற தாய்மாரைக் கவனித்தல், மலகூடம் அமைக்கத் தூண்டுதல், பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தல், சுகாதாரம் போதித்தல் என்பன அவர்கள் கடமைகள். தாபனம் தொடக்கத்திற் செலவிற் பங்கேற்று, காலப்போக்கில் அப்பொறுப்பை அரசாங்கத்திடம் விடுவதே அதன் கொள்கை.

அம்முறை வேரூன்றியது. இன்று நாடெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் இயங்குகின்றன. களுத்துறையில் அன்று தொடங்கிய பணியின் வழிவந்ததே தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம். அங்கே சுகாதார ஊழியர் இன்றும் பயிற்சி பெறுகின்றனர். ஆண்டுதோறும் எங்கள் பாடசாலைகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் வைத்திய அதிகாரியும் அந்த மரபினரே.

எனினும், இவ்வரலாற்றில் மறக்கத்தகாத குறையொன்று உண்டு. எவருடைய துன்பத்தைக் கண்டு 1916இல் இப்பணி தொடங்கியதோ, அந்தத் தோட்டத் தொழிலாளரை இம்முறை இறுதியிலேயே அடைந்தது. கிராமங்களில் அரசாங்கச் சுகாதார சேவை பரவியபோதும், தோட்டத்து மக்களின் நலம் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், பொதுச் சேவையோடு அவற்றை இணைக்கும் பணி மெல்லவே நடந்தது.

நேயர்களே, செல்வர் கொடுக்கும் பொருள் ஒரு நற்பணியைத் தொடக்கி வைக்கலாம். அப்பணி நிலைப்பது அரசும் ஊராரும் அதனைத் தமதாக ஏற்கும்போதுதான். களுத்துறையில் ஏற்றனர்; பணி நிலைத்தது. தோட்டங்களில் ஏற்க வேண்டியோர் பின்வாங்கினர். மருந்தின் பயன் மண்ணோடு போயிற்று. ஆகவே, நம் ஊருக்கு ஒரு தருமத் தாபனம் உதவிக்கு வரும்போது, அது எவ்வளவு கொடுக்கின்றது என்பதோடு, அது சென்றபின் அப்பணியைச் சுமப்பவர் யார், அதன் பயன் கடைசி வீட்டையும் எட்டுமா என்பவற்றையும் முதலிலேயே கேட்டறிவது நம் கடமையாகும்.