துப்பாக்கிக் குழல் பிளப்பது ஏன்?

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்டதும், வலிமை என்று பொருள்படும் ‘துப்பு’ என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு அதனை இணைக்க நம்மவர்க்குத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அது துருக்கியர் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்த சொல். பீரங்கி என்பது, ஐரோப்பியரைக் குறித்த ‘பரங்கி’ என்ற சொல்லோடு உறவுடையது. மலாய் மக்கள் வழங்கும் ‘செனாப்பாங்’ என்பதோ டச்சுக்காரர் தந்த பெயர். பெயர்கள் பல வழிகளில் வந்தன. ஆனால் அவற்றோடு வந்த ஆபத்து எங்கும் ஒன்றே. எதிரே செல்லவேண்டிய வெடி, பிடித்திருப்பவன் கையிலேயே வெடிப்பது அவ்வாபத்து. அதன் காரணத்தை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

மருந்து எரியும்போது எழும் வாயு, குழலின் சுவரை எல்லாத் திசைகளிலும் தள்ளுகிறது. சுவர் மெல்லிய உருளையொன்றில், அதனைச் சுற்றளவில் விரித்துக் கிழிக்க முயலும் இழுவிசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைப்போல் இருமடங்கு என்பது பொறியியல் கண்ட உண்மை. ஆகவேதான் குழல் பெரும்பாலும் முறிவதில்லை. மூங்கிலைப்போல் நெடுக்காகப் பிளக்கிறது.

இந்த உண்மையைக் கணக்கால் அறியாவிடினும் கைத்தொழிலால் அறிந்திருந்தனர் பண்டைக் கொல்லர். தஞ்சையில் கீழவாசலுக்கருகே பீரங்கிமேட்டில் கிடக்கும் பெரும்பீரங்கி அதற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் அதன் நீளம் ஏறத்தாழ 7.5 மீட்டர், எடை ஏறத்தாழ 22 டன். அது வார்ப்படம் அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி மாட்டி, அடித்து இறுக்கிச் செய்தது. வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டை போடும் முறையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சூட்டில் விரிந்த வளையம் ஆறுங்கால் சுருங்கி உள்ளிருப்பதை இறுக்கும். கிழிக்க முயலும் விசை எத்திசையில் மிகுதியோ, அத்திசையிலேயே வளையம் தடுத்து நிற்கிறது.

எனினும் வளையமிட்டதெல்லாம் வெடிக்காது என்று கொள்ளலாகாது. இதே முறையில் 1449இல் செய்யப்பட்ட ‘மான்ஸ் மெக்’ என்னும் பீரங்கி, 1681இல் எடின்பரோவில் மரியாதை வெடி முழக்கும்போது வெடித்து வளையம் சிதைந்தது. அதற்கு முன்பே, 1460இல் ராக்ஸ்பரோக் கோட்டை முற்றுகையின்போது, அருகில் நின்ற பீரங்கி வெடித்து ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் உயிரிழந்தார். மன்னரென்றும் காவலாளென்றும் பிளந்த இரும்பு பார்ப்பதில்லை.

கைத்துப்பாக்கிகளிலும் இணைப்பே முதற் பலவீனம். 19ஆம் நூற்றாண்டில் ‘டமாஸ்கஸ் குழல்’ என்று புகழ்பெற்றவை, இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கி, ஒரு கம்பியின்மேல் கொடிபோல் சுற்றி, காய்ச்சி அடித்துப் பொருத்தியவை. தென்னாட்டு உருக்கினால் பெயர்பெற்ற டமாஸ்கஸ் வாளுக்கும் இதற்கும் பெயரொற்றுமை உண்டே தவிர, செய்முறை வேறு. குழலின் மேற்புறத்து அலைக்கோலம் கண்ணுக்கு இனியது. ஆனால் நாடாக்களின் இடையே கசடு தங்கினாலும், துரு உள்ளிருந்து அரித்தாலும் வெளியே தெரியாது.

இந்நிலையில் மருந்தும் மாறியது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்தே பல நூற்றாண்டுகள் வழங்கியது. 1884இல் பிரான்சு நாட்டு வியேய் என்பார் புகையில்லா மருந்தைக் கண்டார். அளவில் குறைவாயினும் ஆற்றலில் மிக்கது அது. கருமருந்தை அளந்த அதே அளவில் புதுமருந்தை அளந்து போட்டவர்களின் குழல்கள் சிதறின. பழைய கருவி, புதிய மருந்து, மாறாத பழக்கம்: இம்மூன்றின் சேர்க்கையே அவ்விபத்துகள்.

மற்றொரு காரணம் அடைப்பு. குழலில் சேறோ, துணியோ, முந்தைய வெடியில் சிக்கிய அடைப்பானோ இருந்தால், விரைந்து வரும் ரவை அங்கே தடைப்படுகிறது. பின்தொடரும் வாயுவின் அழுத்தம் அவ்விடத்தில் குவிகிறது. குழல் புடைக்கும், அல்லது பிளக்கும். இவ்வகையில் மிகக் கொடியது 12ஆம் எண், 20ஆம் எண் தோட்டாக்களின் குழப்பம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் பருமனே 12ஆம் எண் குழலின் விட்டம், அஃதாவது 18.5 மில்லிமீட்டர். 20ஆம் எண்ணுக்கு 15.6 மில்லிமீட்டர். எண் பெரிதானால் குழல் சிறிது. 20ஆம் எண் தோட்டாவை 12ஆம் எண் குழலில் இட்டால், அது முன்னே வழுகி உள்ளே சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்தியும் வெடி எழாததால், குழல் வெறுமையென்று எண்ணி வேறொரு தோட்டாவை இட்டுச் சுடுவோன், தன் இடக்கை தாங்கும் இடத்திலேயே குழல் வெடிக்கக் காண்பான். இதனைத் தவிர்க்கவே 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 20ஆம் எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறத்தைத் தனியாக்கின.

குழலைச் சோதித்தே விற்கவேண்டும் என்ற ஏற்பாடு பழமையானது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாமில் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்துக்கு மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை குத்துவர். ஆனால் முத்திரை அன்றைய இரும்புக்கே சான்று. பின்னர்த் துரு தின்றாலும், உட்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கினாலும் அச்சான்று செல்லாது.

மலாயாவுக்கு இவ்வரலாறு அயலானதன்று. 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில், ரப்பர்த் தோட்டங்களைச் சிறப்புக் காவலர் காத்தனர். புதுக்கிராமங்களில் ஊர்க்காவலர் கைகளில் ரவைத் துப்பாக்கிகள் வந்தன. செலாயாங் பாரு அக்காலத்துப் புதுக்கிராமங்களுள் ஒன்று. மழைக்காட்டுப் பாதையில் குழல்வாய் சேற்றிற் குத்துவது எளிது; ஆதலின் தோட்டா இடுமுன் குழலினுள் ஒளி தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் அலங்காரம் அன்று, உயிர்க்காப்பு. சரவாக்கிலும் சபாவிலும் ‘பக்காக்குக்’ எனப்படும் வீட்டுத் துப்பாக்கிகள் வழங்கியதுண்டு. எந்தச் சோதனைச் சாலையும் காணாத குழல்கள் அவை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதைக் குற்றமாக்கியிருப்பதில், பிறரைக் காப்பதோடு செய்தவனையே காக்கும் பயனும் உண்டு.

தொகுத்து நோக்கின், காரணங்கள் நான்கு: பொருத்தின் குறை, மருந்தின் மிகை, வழியின் அடைப்பு, காலத்தின் தேய்வு. இவற்றுள் முதலாவது கொல்லன் கையில் உள்ளது. ஏனைய மூன்றும் கருவியைப் பயன்படுத்துவோன் கையில் உள்ளவை. பழைய குழல்கள் பலவற்றைப் பிளந்தது இரும்பின் மென்மை அன்று. பாராமல் இட்ட தோட்டாவும் அளவாமல் இட்ட மருந்துமே.