அணிலுக்குத் தெரியாத எல்லை

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. இதையொட்டிய காடுகள் 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. உலகில் இவ்வணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. 1769-இல் தாமஸ் பென்னண்ட் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது விவரித்தது இலங்கை அணிலைத்தான். சிங்களத்தில் இதற்குத் 'தண்டு லேனா' என்று பெயர்.

மரத்தை விட்டு இறங்கவே தயங்கும் இவ்வுயிர் கடலைக் கடந்தது எங்ஙனம்? கடக்கவே இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்குவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது வெறும் தரை. நிலத்தின் வயதோடு ஒப்பிட்டால் இலங்கை தீவானது நேற்றுத்தான்.

நீர் சூழ்ந்த பின்னரும் அது வழியாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பகுதிகளின் எளிய மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலைகளுக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டோர் பலர். 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்றாயிற்று.

இத்தீவைப் பற்றி நாம் அதிகம் பேசாத வியப்பு ஒன்றுண்டு. ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை என்பது அங்கே 1931-லேயே நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் பெண்கள் ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியர் அத்தகைய பொதுத்தேர்தலைக் காண 1951 வரை காத்திருந்தோம். மலையகத் தமிழருக்கு மட்டும் வதிவிடம் முதலான நிபந்தனைகள் இருந்தன; ஆயினும் திரளானோர் வாக்களித்தனர்.

அதே நாடுதான், விடுதலை பெற்ற 1948-லேயே, குடியுரிமைச் சட்டத்தின் வழி அவர்களை நாடற்றவராக்கியது. அங்கேயே பிறந்தவரும் தம் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், அத்தீவில் பிறந்தவர்கள் என மெய்ப்பிக்க வேண்டும். தோட்டத்து லயன் அறைகளில் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. கையெழுத்தின் ஈரம் காயுமுன், அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வந்தவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்கு நாம் பெயரிட்டோம். அவர்களுள் பலர் இந்தியாவைப் பார்த்ததே அன்றுதான்! நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கே விட்டுவந்த அதே வேலை.

இலங்கையில் நாடற்றவராக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 55 ஆண்டுகள், இரண்டு தலைமுறை.

செண்பகத்தோப்பின் அணிலிடம் பாட்டன் எந்தக் கரையில் பிறந்தான் என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியை நாம் மனிதருக்கென்றே வைத்திருக்கிறோம்.