பிங் பிறந்த கதை

ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைக் குடிவைப்பது இப்போது வழக்கம். மெய்நிகர் இயந்திரங்கள் என்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு இணைப்பு அறுந்தால் கோளாறு வெளி வயரிலா, தாய்க் கம்ப்யூட்டரிலா, உள்ளேயா? கண்டுபிடிக்க முதலில் தட்டும் கட்டளை 'பிங்'.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பெயர் கூப்பிட்டால் 'ப்ரெஸான்' என்போம். இதுவும் அப்படித்தான். சின்னப் பொட்டலம் ஒன்று போகும்; இயந்திரம் விழித்திருந்தால் பதில் வரும். தாய் பதில் சொல்லி, உள்ளே இருப்பது சொல்லாவிட்டால் பெரும்பாலும் உள்ளேதான் தேட வேண்டும். ஆனால் பதில் வராததாலேயே 'ஆப்சென்ட்' போட்டுவிடக் கூடாது. வாசலில் ஃபயர்வால் மறித்திருக்கலாம்.

எழுதியவர் மைக் மூஸ், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் தகராறு செய்தது. எதிரொலிப் பொட்டலங்களால் தாமதத்தை அளப்பது பற்றி டேவிட் மில்ஸ் சொன்னது நினைவுக்கு வர, ஒரே இரவில் எழுதி முடித்தார். சுமார் ஆயிரம் வரி. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஓசையையே பெயராக வைத்தார். வேடிக்கை என்னவென்றால், முதல் பொட்டலம் கிளம்புவதற்குள் அந்தக் கோளாறு சரியாகிவிட்டது!

மூஸ் 2000-இல் கார் விபத்தில் இறந்தார், வயது 42. இத்தனை பேர் வாங்கித் தரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் இதில் உட்கார்ந்திருப்பேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.