நியமனமும் தேர்தலும்: 1952ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமன்றத்தில் மதுரை வடக்கு உறுப்பினர் பி. ராமமூர்த்தியின் செயற்பாடு

ஆய்வுச் சுருக்கம்

வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் வழியாக 1952இல் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. தேர்தலில் போட்டியிடாத சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் பொறுப்பேற்றார். இந்நியமனத்தை மதுரை வடக்குத் தொகுதியின் உறுப்பினர் பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றத்தில் எதிர்த்தார், வழக்கில் தோற்றார். அவர் எழுப்பிய வினா, சட்டத்தில் தோற்றாலும் மரபில் எவ்வாறு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பி. ராமமூர்த்தி, மதுரை வடக்கு, ராஜாஜி, சட்ட மேலவை, ஆளுநர் நியமனம், எதிர்க்கட்சி.

முன்னுரை

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பணியை அவர் கொண்டுவந்த சட்டங்களாலும் தொகுதிக்குப் பெற்றுத்தந்த திட்டங்களாலும் அளவிடுவது வழக்கம். இவ்வளவுகோல் ஆளுங்கட்சியினருக்குப் பொருந்தும் அளவிற்கு எதிர்வரிசையில் அமர்ந்தோருக்குப் பொருந்துவதில்லை. பெரும்பான்மை இல்லாத உறுப்பினர் அவையில் எழுப்பும் வினா, கோரும் வாக்கெடுப்பு, தொடுக்கும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் தோல்வியிலேயே முடிகின்றன. எனினும் அத்தோல்விகள் ஆட்சிமுறையின் எல்லைகளை வரையறுக்கும் ஆற்றல் கொண்டவை. இதற்கு மதுரை வடக்குத் தொகுதியின் முதல் பொதுத்தேர்தல் வரலாறு தக்க சான்றாகும்.

தொகுதியும் உறுப்பினரும்

வைகையின் வடகரையில் அமைந்த தல்லாகுளம், 2008ஆம் ஆண்டு எல்லை வரையறைக்குப் பின் அமைந்த மதுரை வடக்குத் தொகுதிக்குள் அடங்குகிறது. 1952இல் இதே பெயரைத் தாங்கிய தொகுதியின் எல்லைகளை இன்றைய எல்லைகளோடு ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது. இடைப்பட்ட காலத்தில் மதுரை நகரத் தொகுதிகள் பலமுறை மாற்றியமைக்கப்பட்டன. எனினும் ஆலைத் தொழிலாளர், கைத்தறி நெசவாளர், சிறுவணிகர், மாணவர் ஆகியோர் கலந்து வாழ்ந்த நகரம் என்ற வகையில், அன்றைய மதுரை தொழிற்சங்க அரசியலுக்கு உகந்த களமாக இருந்தது.

பி. ராமமூர்த்தி (1908–1987) தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி வழியாகப் பொதுவுடைமை இயக்கத்திற்கு வந்தவர். மதுரைச் சதி வழக்கில் சிறைவைக்கப்பட்ட அவரும் தோழர்களும் 1947 ஆகஸ்டு 14 அன்று, விடுதலைக்கு முந்திய நாளில், விடுவிக்கப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் அவர் அதே நகரின் சட்டமன்ற உறுப்பினரானார். பின்னர் எதிர்க்கட்சித் தலைவராகவும் விளங்கினார்.

1952: எண்ணிக்கையும் நியமனமும்

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. காங்கிரஸ் பெற்றவை 152. அறுதிப் பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டவை 188. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களையும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும் பெற்றன. பதவியிலிருந்த முதலமைச்சர் பி. எஸ். குமாரசாமி ராஜாவே தேர்தலில் தோற்றார். காங்கிரஸ் அல்லாத கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகத் திரண்டு, டி. பிரகாசம் தலைமையில் ஆட்சியமைக்க உரிமை கோரின.

ஆளுநர் ஸ்ரீ பிரகாசா முன்னணியை அழைக்கவில்லை. ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1952 ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறப்பறிவோ பட்டறிவோ உடையோரை மேலவைக்கு நியமிக்க ஆளுநருக்கு வழிவகை செய்கிறது. கவர்னர் ஜெனரலாகப் பணியாற்றியவரும் தமிழ் உரைநடைக்கு வளம் சேர்த்தவருமான ராஜாஜியின் தகுதியை எவரும் எளிதில் ஐயுற இயலாது. சிக்கல் தகுதியைப் பற்றியதன்று. அவ்விதியின் நோக்கத்தைப் பற்றியது. அறிஞரின் குரல் அவையில் ஒலிப்பதற்காக வகுக்கப்பட்ட வாயில், அமைச்சரவையின் தலைவரை உள்ளே கொண்டுவரும் வழியாக அமையலாமா என்பதே வினா.

வழக்கும் அதன் பொருளும்

ராமமூர்த்தி இந்நியமனத்தை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்தார். அவர் தரப்பில் மோகன் குமாரமங்கலம் வாதிட்டார். தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னாரும் நீதிபதி வெங்கட்ராம ஐயரும் அடங்கிய அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, சில ஆண்டுகளுக்கு முன்வரை அரசின் அடக்குமுறைக்கு ஆளாகி, நாடாளுமன்ற முறையின்மீதே ஐயம் கொண்டிருந்த இயக்கத்தின் தலைவர் ஒருவர், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் அச்சட்டத்தின் சொற்களைக் கொண்டே அரசை வினவினார். இரண்டாவது, அவர் நீதிமன்றத்தை நாடியது தொழிற்சங்கத் தலைவராக மட்டுமன்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்ற நிலையிலும் ஆகும். வாக்கின் மதிப்பை நியமனம் குறைத்துவிடுகிறது என்னும் கருத்து, இதனால் கட்சிப் பூசலின் எல்லையைக் கடந்து உறுப்பினர் பதவியின் தன்மை குறித்த வினாவாக உயர்ந்தது.

மறுதரப்பின் வாதத்தையும் புறக்கணித்தல் தகாது. அரசமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, எந்த அவையிலும் உறுப்பினரல்லாதவர்கூட ஆறு மாதம் வரை அமைச்சராக நீடிக்க இடமளிக்கிறது. ஆறு மாதத்திற்குள் இரு அவைகளுள் எதில் இடம்பெற்றாலும் போதும். அமைச்சரவைக்கு உயிர் தருவது முதலமைச்சர் அவைக்குள் நுழைந்த வாயிலன்று, பேரவையின் நம்பிக்கையே. அந்நம்பிக்கையை ராஜாஜி 1952 சூலை 3 அன்று, 200க்கு 151 என்ற வாக்குகளில் பெற்றார். 152 உறுப்பினரோடு தொடங்கிய கட்சி, சிறு கட்சிகள், சுயேச்சைகள், அணிமாறியோர் ஆகியோரின் துணையால் இவ்வெண்ணிக்கையை எட்டியது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரவையில் இடம்பெற்றமை இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே சட்டப்படி நியமனம் நிலைத்தது. எண்ணிக்கைப்படியும் ஆட்சி நிலைத்தது.

நம்பிக்கையின் எல்லை: 1953 சூலை

ஆயினும் இந்நிலைபேறு வலுவற்றது என்பது ஓராண்டிலேயே புலப்பட்டது. ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் மாணவர் பெற்றோரின் தொழிலைப் பயிலும் திட்டத்தை 1953இல் அரசு கொண்டுவந்தது. இது குலக்கல்வித் திட்டம் எனப் பரவலாக எதிர்க்கப்பட்டது. 1953 சூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்திற்கு ஆதரவாக 138 வாக்குகளும் எதிராக 138 வாக்குகளும் விழுந்தமையால் அது நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடக் கோரிய மற்றொரு தீர்மானம் 139க்கு 137 என நிறைவேறியது.

ஓராண்டுக்கு முன் 49 வாக்கு வேறுபாட்டில் நம்பிக்கை பெற்ற அரசு, இப்போது இரண்டு வாக்குகளில் தோற்றது. அவைக்கு வெளியே திராவிட இயக்கத்தினர் நடத்திய போராட்டமும், ஆளுங்கட்சிக்குள் நிலவிய அதிருப்தியும் இதற்குக் காரணங்கள். அவற்றை வாக்கெண்ணிக்கையாக மாற்றும் பணியையே எதிர்க்கட்சி உறுப்பினர்கள் செய்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், கு. காமராசர் ஏப்ரல் 13 அன்று பொறுப்பேற்றபின் திட்டம் கைவிடப்பட்டது.

வினாவின் பிற்கால வரலாறு

காமராசர் முதலமைச்சரானபோது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். மேலவைக்குச் செல்லும் வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அவரிடம் தோற்றவர் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. கே. கோதண்டராமன். முதலமைச்சர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டும் என்ற கோட்பாடு, அதனை வலியுறுத்திய கட்சியின் தோல்வி வழியாகவே நிறைவேறியது எனலாம்.

1967இல் சி. என். அண்ணாதுரை மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் பதவியில் நீடித்தார்; ஆனால் அவர் நியமன உறுப்பினரல்லர், தேர்ந்தெடுக்கப்பட்டவர். உத்தரப் பிரதேசத்தில் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத டி. என். சிங் முதலமைச்சரானது குறித்த வழக்கை 1971இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு இடைத்தேர்தலில் தோற்ற அவர் பதவி விலக நேர்ந்தது. நீதிமன்றம் அனுமதித்ததை வாக்காளர் மறுத்த நிகழ்வு இது. 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுச் சட்ட மேலவை கலைக்கப்பட்டது. அதன் காரணங்கள் வேறாயினும், முதலமைச்சர் பேரவைத் தேர்தல் வழியாகவே வரவேண்டிய நிலை அதனால் உருவாயிற்று.

முடிவுரை

ராமமூர்த்தி பின்னர் 1960 முதல் 1966 வரை மாநிலங்களவையிலும், 1967இல் மதுரைத் தொகுதியிலிருந்து தேர்வாகி மக்களவையிலும் பணியாற்றினார். மாநிலங்களவைக்கு அவர் மறைமுகத் தேர்தல் வழியே சென்றவர் என்பதால், நேரடித் தேர்தல் ஒன்றே முறையானது என்பது அவர் நிலைப்பாடாக இருந்திருக்க இயலாது. அவரது வழக்கின் சாரம், ஆட்சிப் பொறுப்புக்கு ஏதேனும் ஒரு தேர்தல் அடிப்படையாக இருக்கவேண்டும் என்பதாகவே கொள்ளத்தக்கது.

வைகையின் வடகரையிலுள்ள அரசு மருத்துவமனை இன்று ராஜாஜியின் பெயரைத் தாங்குகிறது. அதே கரையின் தொகுதிப் பெயரோடு அவரது நியமனத்தை எதிர்த்தவரின் உறுப்பினர் பதவி பிணைந்துள்ளது. முன்னது நகரின் நினைவில் நிலைத்துவிட்டது. பின்னது சட்ட அறிக்கைகளிலும் அவைக் குறிப்புகளிலும் அடங்கியிருக்கிறது. தமிழகச் சட்டமன்ற வரலாறு இதுவரை முதலமைச்சர்களின் வரிசையாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தோற்ற தீர்மானங்களையும் தள்ளுபடியான மனுக்களையும் தொகுதிவாரியாகத் தொகுத்து ஆராயின், அவ்வரலாற்றின் மறுபாதி வெளிப்படும்.